நெஞ்சு கரிப்பு: மாத்திரையை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

பல்லடத்துக்குப் பக்கத்தில் மெடிக்கல் கடை வைத்து 17 வருடம் ஆகிறது. காய்ச்சல், சளிக்கு அடுத்தபடியாக என் கடையில் அதிகம் கேட்கப்படும் வார்த்தை, "ஒரு கேஸ் மாத்திரை குடுங்ணா." கேட்டதும் வெட்டிக் கொடுப்பது எளிது. பல வருடம் நானும் அப்படித்தான் கொடுத்தேன். அப்புறம் எனக்கே வந்தது. 9 வருடமாக நானும் அதே மாத்திரைக்காரன். அதனால் இப்போதெல்லாம் அலமாரியைத் திறக்கும் முன் நாலு கேள்வி கேட்கிறேன். அந்தக் கேள்விகளையும், எந்தப் பதிலுக்கு என்ன செய்வது என்பதையும் இங்கே எழுதுகிறேன்.

நான் மருந்தாளுநர், மருத்துவர் இல்லை. எந்த மருந்து, எவ்வளவு என்பது மருத்துவர் முடிவு. எழுதிக்கொடுத்த மருந்து ஏன் கேட்கவில்லை என்று கண்டுபிடிப்பதில் பெரும்பகுதி நம் கையில் இருக்கிறது.

கிணற்று மோட்டார் பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு விளக்கம் போதும். உணவுக்குழாயின் அடியில் புட்வால்வு மாதிரி ஒன்று இருக்கிறது. அது சரியாக மூடாவிட்டால் உள்ளே போனது திரும்பி மேலே வரும். மாத்திரை அந்த வால்வைச் சரி செய்வதில்லை. மேலே வருவதன் புளிப்பைக் குறைக்கிறது, அவ்வளவுதான்.

## "நெஞ்சை அடைக்குதுங்க, கேஸாத்தான் இருக்கும்"

இதற்குச் சோதனை எதுவும் வீட்டில் கிடையாது. நெஞ்சின் மேல் கல்லை வைத்தது போன்ற அழுத்தம், வேர்வை, மூச்சு வாங்குதல், வலி இடது கைக்கோ தோளுக்கோ தாடைக்கோ பரவுதல், நடந்தால் வந்து உட்கார்ந்தால் அடங்குதல் - இதில் ஒன்று இருந்தாலும் 108. சோடா குடித்துப் பார்க்கலாம், ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் பெரிய வலியே இல்லாமல் அசதி, வாந்தி, மூச்சுத்திணறல் என்று மட்டும்கூட மாரடைப்பு வரலாம்.

ஒரு மார்கழி ராத்திரி, தறி ஓட்டும் ஒருவர் வந்து ஒரு சோடாவும் கேஸ் மாத்திரையும் கேட்டார். வெளியே பனி கொட்டுகிறது, அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாத்திரை தரவில்லை, ஆட்டோதான் பிடித்துத் தந்தேன். ஈசிஜியில் மாரடைப்பு. இன்றைக்கும் என் கடைக்குத்தான் வருகிறார். இப்போது ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையும் சேர்த்து வாங்குகிறார். அவர் கதை கீழே இன்னொரு இடத்தில் வரும்.

## "கறிச்சோறு தின்னா மட்டும் கரிக்குதுங்க"

எப்போதாவது வருவது இது. கிடாவெட்டு, நோம்பி, கல்யாண விருந்துக்கு அடுத்த நாள் என் கடையில் அமிலத்தை முறிக்கும் ஜெல் பாட்டில் வேகமாகப் போகும்.

முதலில் அளவையும் அதற்கப்புறம் செய்ததையும் பாருங்கள். பள்ளிபாளையம் சிக்கனில் மிளகாயை மட்டும் குறை சொல்கிறோம். எண்ணெய்ப் பலகாரமும் கொழுப்பும் வயிற்றில் நெடுநேரம் தங்கும் என்பதையும், மூன்றாம் முறை சோறு வாங்கியதையும், உண்ட கையோடு வேப்பமரத்தடிக் கட்டிலில் சாய்ந்ததையும் மறந்துவிடுகிறோம். பெல்ட்டை இறுக்கிக்கொண்டு சாப்பிடுவதும், சாப்பிட்ட உடனே குனிந்து வேலை செய்வதும் அதே கணக்குத்தான். குனிந்து தைக்கும் டெய்லர்களிடம் இதை நிறையப் பார்க்கிறேன்.

எது ஆகாது என்பது ஆளுக்கு ஆள் மாறும். எல்லாவற்றையும் ஒரேயடியாக விலக்கிவிட்டு, பதினைந்தாம் நாள் சலித்துப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாகச் சாப்பிடுபவர்களை எனக்குத் தெரியும். ஒரு வாரம் துண்டுச்சீட்டில் எழுதுங்கள்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எப்போது கரித்தது. நான் எழுதியபோது என் குற்றவாளி மிளகாய் இல்லை. பேக்கரி டீதான். ஒரு நாளைக்கு ஆறு. சாயங்காலம் ரோட்டோரக் காளான் இரண்டாவது. நெய் குறைத்துப் போட்ட அரிசிம்பருப்புச் சோறு இன்றுவரை என்னை ஒன்றும் செய்ததில்லை.

அடுத்து, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், இபுப்ரொபென், இதயத்துக்கு ஆஸ்பிரின் - இவை வயிற்றைப் புண்ணாக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கேப்சூலை ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால் உணவுக்குழாயிலேயே ஒட்டிப் புண்ணாக்கிவிடும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, அரைமணி நேரமாவது நிமிர்ந்து இருக்கணும்.

எப்போதாவது வரும் கரிப்புக்கு ஜெல் மருந்தோ, சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் அல்ஜினேட் மருந்தோ போதும். அல்ஜினேட் வயிற்றில் இருப்பதன் மேல் நுரைப்படலமாக மிதந்து மூடும். ஜெல்லைக் குடித்தால் மற்ற மாத்திரைகளுக்கு 2 மணி நேரம் இடைவெளி விடுங்கள், தைராய்டு மாத்திரைக்கு 4 மணி நேரம். குளிர்ந்த பால் அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஆரம்பிக்கும். கர்ப்பிணிகளுக்கு இந்தக் கரிப்பு சகஜம். ஆனாலும் கேட்காமல் எதையும் வாங்கிக் குடிக்க வேண்டாம்.

இடுப்புச் சுற்றளவு ஏறிய வருடமும் கரிப்பு ஆரம்பித்த வருடமும் ஒன்றாக இருக்கிறதா என்று யோசித்துப் பாருங்கள். எடை குறைவது இந்த நோயில் உண்மையிலேயே வேலை செய்யும் சில விஷயங்களில் ஒன்று. காசும் ஆகாது, கஷ்டம் மட்டும் உண்டு. பீடி, சிகரெட், சாராயம் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வருகிறது, அல்லது இரண்டு வாரமாக ஜெல் இல்லாமல் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். 50 வயதைத் தாண்டி முதன்முறையாக இப்போதுதான் வருகிறது என்றால் இன்னும் சீக்கிரம்.

## "தினமும் போடறேன், கேக்கவே மாட்டேங்குது"

என் கடையில் அதிகம் வரும் புகார் இது. "இன்னும் பவரா குடுங்" என்பார்கள். பவரில் ஏறும் முன் கீழே உள்ளதை வரிசையாகப் பாருங்கள். முதல் நாலுக்கும் பைசா செலவில்லை.

எப்போது போடுகிறீர்கள்? பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல், ஓமிப்ரசோல், எசோமிப்ரசோல் எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றில் அமிலம் சுரக்கும் பம்புகள் சாப்பாட்டைக் கண்டுதான் ஓட ஆரம்பிக்கும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மாத்திரை அடைக்கும். ஆகவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடத்துக்கு முன், வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடணும். கேட்டால் வரும் பதில்கள்: "டிபன் சாப்டுட்டு", "டீ குடிச்சுட்டு", "படுக்கறப்ப", "எரியறப்ப." நாலும் தப்பு. பால் டீயும் சாப்பாட்டுக் கணக்குதான்.

இன்னொரு தப்பு இதற்கு நேர் எதிரானது. 6 மணிக்கு மாத்திரை, 11 மணிக்குச் சாப்பாடு. பனியன் கம்பெனிக்குப் போகும் பெண்கள் நிறையப் பேர் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் ஓடி, டீ டைமில்தான் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அவர்களுக்கு நான் சொல்வது, மாத்திரையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அந்தச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போடுங்கள் என்பது. கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், தட்டைப் பாருங்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது: மருந்தியல் படித்துப் பாஸான நானே முதல் இரண்டு வருடம் கடையைத் திறந்து, டீ வாங்கி வரச் சொல்லி, அதோடு மாத்திரையைப் போட்டேன். கேட்கவில்லை என்று வேறு கம்பெனி, வேறு பெயர் என்று மாற்றிக்கொண்டே இருந்தேன். டீயை முக்கால் மணி நேரம் தள்ளிப்போட்டதும், முன்பு கேட்காத அதே மாத்திரை கேட்டது.

தினமும் போடுகிறீர்களா, எரியும்போது மட்டுமா? இது பாராசிட்டமால் மாதிரி உடனே கேட்கும் மருந்து இல்லை. முழு வேலை தெரிய 3 முதல் 5 நாள் ஆகும். இரண்டு நாள் போட்டு, ஒரு நாள் விட்டு, "கேக்கல" என்றால் மருந்து என்ன செய்யும்? நடுவில் வரும் எரிச்சலுக்கு ஜெல் குடித்துக்கொள்ளலாம்.

முழுசாக விழுங்குகிறீர்களா? விழுங்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கு வீட்டில் மாத்திரையை நுணுக்கித் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். மேல்பூச்சு உடைந்தால் மருந்தை வயிற்று அமிலமே கெடுத்துவிடும். விழுங்க முடியாதவர்களுக்கு வேறு வடிவம் இருக்கிறது, கேளுங்கள்.

கூட என்ன போடுகிறீர்கள்? பையில் உள்ள எல்லா அட்டையையும் மேசையில் கொட்டச் சொல்வேன். தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில் போட வேண்டியது. கேஸ் மாத்திரை சேர்ந்தால் அது உடம்பில் ஏறுவது குறையலாம். இரண்டையும் எப்படிப் பிரிப்பது என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேளுங்கள். சிலருக்குக் கேஸ் மாத்திரையை ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் மாற்றித் தருவார்கள். புதிதாகத் தொடர்ந்து போட ஆரம்பித்திருந்தால் 6 முதல் 8 வாரத்தில் டிஎஸ்எச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை ஒரு முறை பார்ப்பது நல்லது. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே பிரஷர் மாத்திரை வருகிறதே, அதில் அம்லோடிபின் இருந்தால் சிலருக்கு அந்த வால்வு தளர்ந்து கரிப்பு கூடும். அதற்காக பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

முன்னால் சொன்ன தறிக்காரர் மாரடைப்புக்குப் பிறகு ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரல் போடுகிறார். வீட்டில் பழைய ஓமிப்ரசோல் மிச்சம் இருந்தது, அதையும் சேர்த்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஓமிப்ரசோலும் எசோமிப்ரசோலும் க்ளோபிடோக்ரல் வேலை செய்வதைக் குறைக்கும். இதய மருத்துவரிடம் திருப்பி அனுப்பினேன், பான்டோப்ரசோலுக்கு மாற்றிக்கொடுத்தார். மிச்ச மாத்திரையைச் சேர்த்து வைக்காதீர்கள்.

அட்டையில் என்ன பெயர் இருக்கிறது? "கேஸ் மாத்திரை" என்று ஒன்று கிடையாது. டிஎஸ்ஆர் என்று முடிந்தால் உள்ளே டாம்பெரிடோனும் இருக்கிறது. வாந்தி, குமட்டலுக்குக் கொஞ்ச நாளைக்குக் கொடுப்பது அது. இதயத் துடிப்பைத் தடுமாற வைக்கக்கூடியது. மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுவதற்கு இல்லை. ஆனால் எங்கள் தொழிலில் மிகத் தாராளமாகப் போவது அதுதான், அதில் எனக்கும் பங்கு உண்டு. ரானிட்டிடினை இன்னும் தேடி வரும் பெரியவர்கள் இருக்கிறார்கள். அதில் என்டிஎம்ஏ என்ற மாசு இருப்பது தெரிந்து 2020இல் அமெரிக்காவில் விற்பனையை நிறுத்தினார்கள். 2022இல் நம் நாட்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்தும் அது நீங்கியது. அதே வகையில் பேமோட்டிடின் இருக்கிறது. தினமும் போட்டால் கொஞ்ச நாளில் வேகம் குறையும், விட்டுவிட்டுப் போடுவதற்கு நல்லது.

இந்த ஐந்தையும் சரி செய்து 2 வாரம் பொறுங்கள். குறைந்தால் மருத்துவர் சொன்ன காலம் வரை, வழக்கமாக 4 முதல் 8 வாரம், அப்படியே தொடருங்கள்.

குறையவில்லையா? இதற்கு மேல் என் கடையில் வேலை இல்லை. நீங்களே 40 மில்லிகிராமை இரண்டாக்கிப் போட வேண்டாம். மருத்துவர் காலை, இரவு என்று இரண்டு வேளை ஆக்கிப் பார்ப்பார், அல்லது மருந்தை மாற்றுவார், அல்லது எண்டோஸ்கோபி (வாய் வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்ப்பது) செய்வார். எண்டோஸ்கோபி நார்மலாக இருந்தும் தொந்தரவு இருந்தால், மூக்கு வழியாக மெல்லிய குழாய் விட்டு 24 மணி நேரம் அமிலம் எப்போது மேலே வருகிறது என்று அளக்கும் சோதனை இருக்கிறது. அமிலமே காரணம் இல்லை என்றுகூட அதில் தெரியவரலாம். அறுவை சிகிச்சை, அதாவது இரைப்பையின் மேல்பகுதியைச் சுற்றித் தைத்து வால்வை இறுக்குவது, இந்த வரிசையில் கடைசி. நேராக அதைப் பேச ஆரம்பிக்கும் இடத்தில் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

## "படுத்தா புளிச்ச தண்ணி வாய்க்கு வருதுங்க"

இதை நம் வீடுகளில் எதுக்களிப்பு என்போம். புட்வால்வை மாத்திரை சரி செய்யாது என்றேன் அல்லவா? அதனால் எரிச்சல் அடங்கியும் எதுக்களிப்பு நிற்காமல் இருக்கலாம். இதில் மாத்திரையைவிட ராத்திரிச் சாப்பாட்டு நேரமும் கட்டிலும்தான் முக்கியம்.

கடைசிச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவே 3 மணி நேரம் வேண்டும். கடையைச் சாத்தி 10.15க்கு வீட்டுக்குப் போய், சூடாகத் தோசை தின்று, 11 மணிக்குப் படுத்தவன் நான். இப்போது 7.30க்கு டிபன் கேரியர் கடைக்கே வந்துவிடுகிறது. கூட்டத்துக்கு நடுவில் குனிந்து உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்து ஆரம்பத்தில் சிரித்தார்கள். மாத்திரை செய்யாத வேலையை அந்தக் கேரியர் செய்தது.

அடுத்தது கட்டில். தலைமாட்டுக் கால்கள் இரண்டையும் 15 முதல் 20 செ.மீ. உயர்த்துங்கள். செங்கல்லை இரண்டு படுக்கவைத்து அடுக்கினால் ஏறக்குறைய 15 வந்துவிடும். மேலே ஒரு பலகைத் துண்டு வைத்தால் கால் நழுவாது. தலையணையை மூன்றாக அடுக்குவது வேறு. அதில் கழுத்து வளையும், வயிறு மடங்கும், தொந்தரவு கூடும். கயிற்றுக் கட்டிலும் அப்படித்தான், நடுவில் தொய்ந்து ஆளை மடக்கிவிடும். பாயில் படுப்பவர்கள் இடுப்புக்கு மேல் முழு முதுகும் சாய்வாக இருக்கும்படி மெத்தையையோ போர்வைகளையோ சரிவாக மடித்துப் போடலாம். திரும்பிப் படுத்தால் இடது பக்கம். வலது பக்கம் படுத்தால் அதிகம் மேலே வரும்.

நைட் ஷிப்ட் ஆட்கள் "மூணு மணி நேரம்" என்பதை ராத்திரிக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மில்லில் இருந்து காலை 7 மணிக்கு வந்து, ஆறு இட்லியும் குழம்பும் சாப்பிட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுப் படுத்தால் அதுதான் உங்கள் ராத்திரிச் சாப்பாடு. வேலையின் நடுவே 3 மணிக்குப் பெரிய சாப்பாட்டை முடித்துவிட்டு, வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர் கம்பங்கூழோ ஏதாவது லேசாகவோ குடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் படுங்கள். மாத்திரையையும் அந்த 3 மணிச் சாப்பாட்டுக்கு முன் நகர்த்தலாமா என்று கேளுங்கள்.

இவ்வளவுக்கும் அப்புறம் ராத்திரி மூச்சு முட்டி எழுந்தால், இருமலோ இளைப்போ வந்தால் மருத்துவரிடம் போங்கள். பலமான குறட்டையும் பகல் தூக்கமும் சேர்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், தூக்கத்தில் மூச்சு நிற்கும் கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

## "நிறுத்துனா மூணாம் நாளே திரும்ப வந்துருது"

மாதக்கணக்கில் அடைத்து வைத்த பம்புகள் ஒரே நாளில் திறந்தால், முன்னைவிட அதிகமாகவே கொட்டும். நோய் முற்றிவிட்டது என்று பயந்து மறுபடி ஆரம்பித்துவிடுகிறோம். இது சில வாரத்தில் தானாக அடங்கக்கூடியது.

ஆகவே டக்கென்று நிறுத்தக் கூடாது. மருத்துவரிடம் கேட்டு 40இல் இருந்து 20க்கு இறங்கி, 2 முதல் 4 வாரம் கழித்து ஒரு நாள் விட்டு ஒரு நாள், அப்புறம் நிறுத்தம். இடையில் எரிந்தால் ஜெல், அல்ஜினேட். சாப்பாட்டு நேரத்தையும் கட்டிலையும் சரி செய்யாமல் இதில் இறங்கினால் தோல்விதான். நான் இரண்டு முறை தோற்று, இப்போது 20இல் நிற்கிறேன். சரி, இருக்கட்டும்.

சிலர் நிறுத்தவே கூடாது. எண்டோஸ்கோபியில் சி, டி கிரேடு, அதாவது கடுமையான புண் இருந்தவர்கள், பேரட் மாற்றம் (உணவுக்குழாயின் உள்தோல் மாறிப்போவது) என்று எழுதியிருப்பவர்கள், உணவுக்குழாய் சுருங்கியவர்கள், வயிற்றுப் புண்ணில் ரத்தம் போனவர்கள், அந்த ஆபத்தோடு ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ தொடர்ந்து போட வேண்டியவர்கள். வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்த்து இவர்கள் நிறுத்தினால் பின்னால் பெரிய செலவாகும்.

## "வருசக்கணக்கா போடறேன், கிட்னி போயிருமாங்?"

நீண்ட நாள் போடுபவர்களிடம் சிறுநீரகக் கோளாறும் எலும்பு முறிவும் கொஞ்சம் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டின. மாத்திரைதான் காரணம் என்று அவை நிரூபிக்கவில்லை. தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியது. தேவையில்லாமல் போடுபவர் நிறுத்தணும், தேவைப்படுபவர் பயப்படாமல் போடணும். அவ்வளவுதான்.

பயப்படுவதற்குப் பதிலாகச் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. வருடத்துக்கு ஒரு முறை "இது எனக்கு இன்னும் வேணுங்களா, அளவைக் குறைக்கலாமா" என்று மருத்துவரிடம் கேளுங்கள். இரண்டு மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் ரத்தத்தில் வைட்டமின் பி12 பாருங்கள். சர்க்கரைக்கு மெட்பார்மின் போடுபவர்களுக்கு அதுவும் சேர்ந்து பி12ஐக் குறைக்கும். சைவச் சாப்பாடாகவும் இருந்தால் கட்டாயம் பாருங்கள். பாதம் மதமதப்பு, காரணமில்லாத அசதி என்று வருபவர்களில் சிலருக்கு இதுதான். நீர் பிரியும் மாத்திரை போடுபவர்களுக்குக் கெண்டைக்கால் இழுப்போ படபடப்போ இருந்தால் ரத்தத்தில் மெக்னீசியம் அளவையும் பார்க்கணும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினையும் வழக்கமான ரத்தப் பரிசோதனையோடு சேர்த்துக்கொள்ளலாம். நிற்காத வயிற்றுப்போக்கு வந்தால் மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

## "நெஞ்சு கரிக்கலீங், தொண்டைதான் கரகரங்குது"

வறட்டு இருமல், அடிக்கடி கனைத்தல், காலையில் குரல் கம்மல். அமிலத்தாலும் வரும். ஆனால் நம் ஊரில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை உண்டு.

ஸ்பின்னிங் மில்லிலோ தறிக்குடோனிலோ வேலையா? வார விடுமுறை முடிந்து முதல் நாள் உள்ளே போனதும் நெஞ்சு இறுகி இருமல் கூடுகிறதென்றால் பஞ்சுத் தூசியைச் சந்தேகியுங்கள், கேஸ் மாத்திரையால் அது போகாது. நெஞ்சு மருத்துவரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரையின் பெயர் "பிரில்" என்று முடிகிறதா? எனலாப்ரில், ராமிப்ரில் இரண்டும் சிலருக்கு வறட்டு இருமல் தரும். மாற்று மருந்து இருக்கிறது. இவை இல்லை என்றால்தான் அமிலம். அப்போதும் நெஞ்சு கரிப்பு இல்லாத தொண்டைத் தொந்தரவுக்கு மாத்திரை அவ்வளவு நன்றாகக் கேட்பதில்லை. மருத்துவர் இரண்டு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்துப் பலன் இல்லையென்றால் நிறுத்திவிடுவார்.

குரல் கம்மல் 3 வாரத்தைத் தாண்டினால் காது மூக்குத் தொண்டை மருத்துவர். வெற்றிலையோடு புகையிலை போடுபவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

## "ஏப்பமும் வயித்து உப்புசமுந்தான்"

கரிப்பே இல்லாமல் இது மட்டும் என்றால் பெரும்பாலும் வேறு விஷயம். கோலி சோடா குடித்தால் ஏப்பம் வருவது உள்ளே ஊற்றிய கேஸ் வெளியே வருவதுதான். தண்ணீரில் கொட்டினால் பொங்கும் பொடியில் சோடியம் இருக்கிறது, பிரஷர்காரர்கள் தினமும் குடிக்கக் கூடாது. மேல்வயிற்று வலியும் இருந்தால் ஹெச். பைலோரி என்ற கிருமிக்குச் சோதனை சொல்வார்கள். அதற்கு 2 வாரம் முன்பே கேஸ் மாத்திரையை நிறுத்தச் சொல்வது வழக்கம். சொல்லாமல் போட்டுக்கொண்டே போனால் கிருமி இருந்தும் இல்லை என்று வரலாம்.

## "சோறு நெஞ்சுலயே நிக்குது"

சாப்பாடு இறங்காமல் நிற்பது, விழுங்கினால் வலி, ரத்த வாந்தி அல்லது காப்பிப்பொடி நிறத்தில் வாந்தி, தார் போலக் கருத்த மலம், காரணமில்லாத எடைக் குறைவு, ரத்தசோகை, நிற்காத வாந்தி. இவற்றுக்கு மாத்திரையை மாற்றிப் பார்க்கும் வேலையே கிடையாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கருக்கும். அதுவா இதுவா என்ற முடிவையும் மருத்துவரிடமே விடுங்கள். ரத்தமும் கருத்த மலமும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. மற்றவை அந்த வாரமே.

பெரும்பாலும் எண்டோஸ்கோபி சொல்வார்கள். பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. 6 முதல் 8 மணி நேரம் வெறும் வயிறு, தொண்டைக்கு மரத்துப்போகும் ஸ்பிரே, உள்ளே குழாய் இருப்பது சில நிமிடங்கள். எனக்குக் குமட்டலும் கண்ணீரும் வந்தது, ஏ கிரேடு லேசான புண் என்று எழுதினார்கள், மத்தியானம் கடையில் இருந்தேன். தூக்க ஊசி போட்டால் வண்டி ஓட்டக் கூடாது, கூட ஆள் வேண்டும். தனியாரில் செலவு கட்டாது என்பவர்களுக்குக் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல் நோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது.

போகும்போது துண்டுச்சீட்டுக் குறிப்பையும், பழைய ரிப்போர்ட்டையும், போடுகிற எல்லா மாத்திரையின் அட்டையையும் எடுத்துக்கொள்ளுங்கள். "மஞ்சள் கலர்ல, சின்னதா" என்று சொன்னால் யாருக்கும் தெரியாது. கடையில் பாதி அட்டை வாங்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் உள்ள பக்கம் உங்களிடம் வரும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். முணுமுணுத்தாலும் வெட்டித் தருவார்கள். நான் முணுமுணுப்பதில்லை.